சைலன்சர் மாற்றிய பிறகு வரும் தொல்லைகள்: அறிகுறியை வைத்துப் பிழை பிடிப்பது எப்படி?

என் ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ காரில் மூன்று தடவை சைலன்சர் மாற்றியிருக்கிறேன். முதல் தடவை சத்தத்துக்கு ஆசைப்பட்டு. இரண்டாம் தடவை அந்தச் சத்தம் தாங்காமல். மூன்றாம் தடவை, இரண்டாவதில் சொதப்பியதைச் சரிசெய்ய. செலவை நான் கூட்டிப் பார்த்ததில்லை. வீட்டில் யாரும் கூட்டிப் பார்த்துவிடக் கூடாது என்பதுதான் கவலை.

தினமும் ஆபீசுக்கும் மாதத்துக்கு ஒருமுறை ஊருக்கும் போகிற கார், அதிக நேரம் 1800-க்கும் 3000-க்கும் இடையில்தான் சுற்றுகிறது. சைலன்சரையும் அந்த ஆர்பிஎம்மைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். நாமோ கடை வாசலில் வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் 5000 வரை முறுக்கிக் கேட்டுவிட்டு பணத்தை எண்ணிக் கொடுக்கிறோம். கீழே வரும் தொல்லைகளில் பாதி அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது.

பெயர்களை ஒருமுறை பார்த்துவிடலாம். இன்ஜினை ஒட்டி மேனிஃபோல்டு, அதில் டர்போ, டர்போவிலிருந்து கீழே இறங்குவது டவுன்பைப். அதற்குள் கேட்டலிடிக் கன்வெர்ட்டர், பட்டறைப் பேச்சில் கேட்கான். அடுத்து வளைந்து கொடுக்கும் ஃப்ளெக்ஸ் பைப், நடுவில் ரெசனேட்டர், கடைசியில் மஃப்ளர், கடைப் பேச்சில் எண்ட் கேன். கேட்கானுக்குப் பின்னால் இருப்பதை மட்டும் மாற்றினால் அது கேட்பேக். நம் ஊரில் இத்தனைக்கும் சேர்த்து சைலன்சர் என்று ஒரே பெயர். "சைலன்சர் மாத்தணும்" என்றதும் "எதுங்க, எண்ட் கேனா, ஃபுல் லைனா?" என்று திருப்பிக் கேட்கிற கடையை நம்பலாம். கேட்காமலே கட்டர் மெஷினை எடுக்கிற கடையிலிருந்து வண்டியை வெளியே எடுத்துவிடுங்கள்.

காருக்குள் புகை வாடை, கொஞ்ச நேரத்தில் தலைவலி

மற்ற எதுவும் ஒரு வாரம் காத்திருக்கலாம். இது காத்திருக்காது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. மூக்குக்குத் தெரிவது அதனுடன் சேர்ந்து வரும் மற்ற வாயுக்கள்தான். ஆகவே புகை வாடை உள்ளே அடித்தால், அதுவும் கூடவே வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிகளை இறக்கி, ஓரமாக நிறுத்தி, இறங்கிவிடுங்கள். கேட்கானைப் பிடுங்கிய காராக இருந்தால் ஆபத்து பல மடங்கு.

ஹாட்ச்பேக்கில் இது அடிக்கடி வருவதற்குக் காரணம் உண்டு. ஓடும்போது பின்கதவுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்து ஒரு சுழல் உண்டாகிறது. குழாயின் வாய் பம்பருக்கு அடியிலேயே முடிந்துவிட்டால் புகை அந்தச் சுழலில் மாட்டி, கிடைத்த சந்தில் உள்ளே நுழைகிறது. வாய் பம்பரைத் தாண்டி இரண்டு மூன்று சென்டிமீட்டராவது வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

சந்தைக் கண்டுபிடிக்க ஒரு பத்து ரூபாய் நோட்டு போதும். டிக்கி ரப்பரின் மேல் பாதி நோட்டை வைத்துக் கதவைச் சாத்தி, மீதிப் பாதியைப் பிடித்து இழுங்கள். இறுக்கமாக வந்தால் ரப்பர் நன்றாக இருக்கிறது. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் அமுங்கிப்போயிருக்கிறது. கதவைச் சுற்றி ஒரு சாண் இடைவெளியில் இப்படியே பாருங்கள். அப்புறம் டிக்கி மேட்டைத் தூக்கி, குழாயைத் தொங்கவிடும் புது ஹேங்கருக்காக யாராவது தரையில் ஓட்டை போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு காரில் போல்ட் போட்டு, நட்டை மறந்திருந்தார்கள்.

நூறில் போகும்போது காதுக்குள் "ம்ம்ம்" என்று ஒரே ரீங்காரம்

சைலன்சர் மாற்றியவர்கள் அதிகம் புலம்புவது இதைப் பற்றித்தான். கோவையிலிருந்து சேலம் ரோட்டில் ஏழாவது கியரில் போனால் என் காரில் முள் 2000-க்கும் 2500-க்கும் நடுவில் நிற்கும். ரெசனேட்டரை வெட்டி எறிந்துவிட்டு நேர்க்குழாய் போட்ட முதல் மாதம். பெருந்துறை தாண்டும்போது பின்சீட்டிலிருந்து அம்மா கேட்டார்: "ஏங்கண்ணு, மாவு மில்லுக்குள்ள உக்காந்த மாதிரியே இருக்குது, வண்டி நல்லாத்தான் இருக்குதா?" சங்ககிரி வரும்வரை நான் பாட்டை ஏற்றி வைத்தேன். பாட்டையும் தாண்டி வந்தது.

இதன் கணக்கு சுலபம். நாலு சிலிண்டர், நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு வெடிப்பு. 2400 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 40 சுற்று, 80 வெடிப்பு. அதாவது 80 ஹெர்ட்ஸ். சின்ன காரின் உட்புறம் அந்த அளவுள்ள ஒலிக்கு உடுக்கை மாதிரி அதிரும், பின்கதவுதான் அதன் தோல். கம்பெனி ரெசனேட்டர் பெரும்பாலும் இந்த ஒலியைப் பிடித்துவைக்கத்தான் இருக்கிறது. அதைக் கழற்றிவிட்டு, அது எதற்கு என்று பிறகு தேடுவதுதான் நம் வழக்கம்.

கழற்றித் தேடும் வரிசை இது. செலவு குறைவானது முதலில்.

ஒன்று, ஹேங்கர்கள். புதுக் குழாயைத் தாங்குபவை கம்பெனி ரப்பர்களா, அல்லது கல் மாதிரி இருக்கும் பாலியூரித்தேனா? இரும்புப் பட்டையை நேராக பாடியில் போல்ட் போட்டு முறுக்கியிருந்தால், குழாயின் அதிர்வு முழுவதும் தரைக்கு ஏறும். ரப்பருக்கு மாறுங்கள். எனக்குப் பாதி ரீங்காரம் இதிலேயே போனது.

இரண்டு, ரெசனேட்டரைத் திரும்பப் போடுங்கள். பழையதைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தவர்களுக்கு என் அனுதாபங்கள். எந்தக் கடையில் மாற்றினாலும், கழற்றிய பாகத்தை டிக்கியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

மூன்று, மஃப்ளரின் அளவு. கீழ்ச்சுருதி ஒலியை அடக்க உள்ளே கன அளவு வேண்டும். தண்ணீர் பாட்டில் அளவு எண்ட் கேன் பார்க்க அழகு. 80 ஹெர்ட்ஸுக்கு அது எதுவும் செய்யாது.

நான்கு, கிளைக்குழாய். பட்டறையில் ஜே பைப் என்பார்கள். மெயின் குழாயிலிருந்து பக்கவாட்டில் ஒரு குழாய் பிரிந்து, அதன் மறுமுனை மூடியிருக்கும். உள்ளே போன அலை முட்டித் திரும்பும்போது நேரெதிர்க் கட்டத்தில் வந்து மெயின் குழாயில் வரும் அலையை அழிக்கிறது. நீளம் அலையின் கால் பங்கு. பின்பக்கக் குழாயில் வாயு 200 முதல் 250 டிகிரி வரை சூடாக இருக்கும். அந்தச் சூட்டில் ஒலி நொடிக்குச் சுமார் 450 மீட்டர் போகும். 450-ஐ 80-ஆலும் மறுபடி 4-ஆலும் வகுத்தால் 1.4 மீட்டர். போலோவின் ஸ்டெப்னி குழியைச் சுற்றி வளைத்து இதை உட்கார வைக்கலாம். வளைவதால் வேலை கெடாது.

எந்த ஹெர்ட்ஸ் என்று ஊகிக்காதீர்கள். ஒலியின் ஸ்பெக்ட்ரம் காட்டும் ஆப் போனில் கிடைக்கும். பக்கத்து சீட்டில் இருப்பவர் பிடித்துக்கொள்ள, நீங்கள் வேகத்தை மாற்றாமல் ஓட்டுங்கள். எங்கே கோபுரம் எழும்புகிறதோ அதுதான் உங்கள் எண். மூன்று சிலிண்டர் 1.0 டிஎஸ்ஐ என்றால் ஒரு சுற்றுக்கு ஒன்றரை வெடிப்புதான். அதே 2400-ல் 60 ஹெர்ட்ஸ், கிளைக்குழாய் 1.9 மீட்டர் கேட்கும். அடியில் அவ்வளவு இடம் தேடுவது கஷ்டம். அதற்கு டப்பா மாதிரியான ஹெல்ம்ஹோல்ட்ஸ் ரெசனேட்டர்தான் சரி.

விர்டஸ், டைகுன், குஷாக், ஸ்லாவியா 1.5 டிஎஸ்ஐ வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல். லோடு குறைவாக இருந்தால் அந்த இன்ஜின் நடு இரண்டு சிலிண்டர்களை அணைத்துவிடும். வெடிப்பு பாதியாகி, 2000 ஆர்பிஎம்மில் 67 ஹெர்ட்ஸாக இருந்தது 33-க்கு இறங்கிவிடும். கடைக்காரர் நிறுத்தி வைத்து முறுக்கிக் காட்டியபோது இது கேட்டிருக்கவே கேட்காது. ஹைவேயில் மிதமாக ஓட்டும்போது விட்டுவிட்டு ஒரு துடிப்பு வருகிறது, லேசாக ஆக்சிலரேட்டரை அழுத்தினால் போய்விடுகிறது என்றால் காரணம் இதுதான். இந்த இன்ஜினுக்கு நேர்க்குழாய் வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி.

கீழ் ஆர்பிஎம்மில் பிக்கப் போய்விட்டது

இங்கே ஒரு பழைய நம்பிக்கையை நகர்த்த வேண்டும். "பேக் பிரஷர் இல்லேன்னா வண்டி இழுக்காது" என்று எல்லா மெக்கானிக்கும் சொல்வார். எந்த இன்ஜினுக்கும் எதிரழுத்தம் தேவையில்லை. தேவை வாயுவின் வேகம். டர்போ இல்லாத இன்ஜினில், வேகமாக வெளியேறும் ஒரு வாயுத் துடிப்பு தன் பின்னால் குறைந்த அழுத்தத்தை விட்டுப்போகும். அது அடுத்த சிலிண்டரைச் சுத்தமாகக் காலி செய்ய உதவுகிறது. குழாயைப் பெரிதாக்கினால் வேகம் குறைந்து இந்த உதவி போய்விடும். 2 அங்குலத்திலிருந்து 2.5-க்குப் போனால் குழாயின் பரப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிறது. 3 அங்குலம் என்றால் இரண்டேகால் மடங்கு. ஹோண்டா சிட்டியிலும் ஸ்விஃப்டிலும் 2.5 அங்குலம் போட்டுவிட்டு இழுவை போச்சு என்பவர்களுக்குக் குறை குழாயில்தான்.

டர்போ கதை வேறு. டர்பைனுக்குப் பிறகு எவ்வளவு தாராளமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. ஆகவே கேட்பேக் மாற்றிய பிறகு டர்போ காரில் கீழ் இழுவை குறைந்ததாகத் தோன்றினால், குழாயின் அளவைத் திட்டாமல் இரண்டு இடங்களைப் பாருங்கள். டர்போவுக்கு முன்னால் மேனிஃபோல்டு கேஸ்கெட் கசிகிறதா? டர்பைனைச் சுற்ற வேண்டிய வாயு வழியிலேயே வெளியேறினால் பூஸ்ட், அதாவது டர்போ தள்ளும் காற்றழுத்தம், தாமதமாக வரும், ஸ்கேனரில் பூஸ்ட் குறைவு என்ற பி0299 கோளாறு எண் காட்டலாம். இரண்டாவது இடம் உங்கள் காது. முன்பு அமைதியாக 3000 தாண்டிய கார், இப்போது 2000-லேயே கத்துகிறது. கத்தும் அளவுக்கு ஓடவில்லையே என்று மனது நினைக்கிறது.

சந்தேகத்தைத் தீர்க்க வழி உண்டு. ஆளில்லாத ஒரே ரோட்டில், மேனுவல் மோடில் மூன்றாம் கியரைப் போட்டு, 2000 முதல் 4000 வரை எத்தனை நொடி என்று ஸ்கேனர் ஆப்பில் பதிவு செய்யுங்கள். போகும்போது மூன்று, வரும்போது மூன்று. பழைய சைலன்சரோடு இதைப் பதிவு செய்து வைத்திருந்தால் பதில் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பதிவு செய்து வைத்த ஒருவரையும் நான் இதுவரை பார்க்கவில்லை, என்னையும் சேர்த்து.

அளவு பற்றி என் கணக்கு: 150 குதிரைத்திறன் வரை 2 அல்லது 2.25 அங்குலம், அதிலிருந்து 220 வரை 2.5, அதற்கு மேல் ரீமேப்பும் (இன்ஜின் கம்ப்யூட்டரின் அமைப்பை மாற்றுவது) பெரிய டர்போவும் இருந்தால் மட்டும் 3. 105 குதிரைத்திறன் போலோவில் 3 அங்குலம் போட்டால் பவர் ஏறாது. ஸ்பீடு பிரேக்கரில் இடிக்கும்.

மேலே போகப் போக மூச்சுத் திணறுகிறது, ஸ்பீடு ஏறவில்லை என்றால் அது வேறு நோய்: அடைப்பு. பழைய கேட்கான் உள்ளே உடைந்து தேன்கூடு அடைத்துக்கொண்டிருக்கலாம். கையால் தட்டினால் உள்ளே சல்லி உருள்வது போலக் கேட்கும். முன்பக்க ஆக்ஸிஜன் சென்சரைக் கழற்றி அந்த ஓட்டையில் பிரஷர் கேஜை மாட்டினால் உறுதியாகிவிடும். 2500 ஆர்பிஎம்மில் 3 பிஎஸ்ஐக்கு மேல் நின்றால் அடைப்புதான்.

செக் இன்ஜின் விளக்கு எரிகிறது

பேட்டரியைக் கழற்றி மாட்டி விளக்கை அணைக்காதீர்கள். முதலில் கோளாறு எண்ணைப் படியுங்கள். அந்த எண்ணைப் படிக்க, புளூடூத்தில் இயங்கும் ஓபிடி கருவி ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. அது இல்லாமல் சைலன்சரில் கை வைப்பது, தெர்மாமீட்டர் இல்லாமல் காய்ச்சல் பார்ப்பது மாதிரி.

பி0420 வந்தால்: கேட்கானுக்கு முன்னால் ஒரு சென்சர், பின்னால் ஒரு சென்சர் உண்டு. நல்ல கேட்கான் ஆக்ஸிஜனைச் சேமித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிப்பதால், பின் சென்சரின் கோடு 0.6, 0.7 வோல்ட்டில் ஆடாமல் நிற்கும். கேட்கான் வேலை செய்யவில்லை என்றால் அந்தக் கோடு 0.1-க்கும் 0.9-க்கும் இடையில் ஊஞ்சல் ஆடும். இன்ஜின் கம்ப்யூட்டரான ஈசியூ அதைப் பார்த்துத்தான் விளக்கைப் போடுகிறது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது மட்டும் பூஜ்யத்துக்கு இறங்கினால் பயப்பட வேண்டாம். அப்போது பெட்ரோல் நின்றுவிடுவதால் வெறும் காற்றுதான் போகிறது.

கேட்கானையே எடுத்துவிட்டிருந்தால் காரணம் தேட வேண்டியதில்லை. ஹை ஃப்ளோ கேட்கான் போட்டிருந்தால் இரண்டு விஷயம் கேளுங்கள். சதுர அங்குலத்துக்கு எத்தனை அறைகள்? கம்பெனியில் பொதுவாக 400, 600 இருக்கும். 200 அறை என்று வாங்கியதில் காற்று நன்றாகப் போகும், சுத்திகரிப்பு குறையும். எங்கே உட்கார்ந்திருக்கிறது? கேட்கான் வேலை தொடங்கவே 250, 300 டிகிரி சூடு வேண்டும். டர்போவை ஒட்டி இருந்ததை வசதிக்காக அரை மீட்டர் பின்னால் தள்ளி வெல்டிங் வைத்திருந்தால், சூடேறத் தாமதமாகும். நல்ல கேட்கானாக இருந்தும் விளக்கு எரியும்.

சென்சரைக் குழாயிலிருந்து விலக்கி வைக்க ஒரு ஸ்பேசரை நீட்டுவார் கடைக்காரர். விளக்கு அணையும், புகை அப்படியேதான் இருக்கும். நான் போட்டதில்லை, போடவும் சொல்ல மாட்டேன்.

பி0036, பி0141 வந்தால் கேட்கானைத் திட்டாதீர்கள். இவை பின் சென்சரின் ஹீட்டர் சர்க்யூட்டைச் சொல்கின்றன. புது டவுன்பைப்புக்கு வயர் எட்டவில்லை என்று முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியிருப்பார்கள், அது குழாயில் பட்டு உருகியிருக்கும். என் காரில் இரண்டாம் தடவை இதுதான். கடைக்காரர் சென்சரே போச்சு என்று புதிது வாங்க வைத்தார். பழையது இன்னமும் வீட்டு அலமாரியில் நல்ல நிலையில் இருக்கிறது.

பி0171, அதாவது பெட்ரோல் பத்தவில்லை என்ற எண், வந்தால் அடுத்ததைப் படியுங்கள்.

மைலேஜ் இறங்கிவிட்டது, பின்னால் பெட்ரோல் வாடை

குழாயில் கசிவு இருந்தால் புகை வெளியே வரும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். ஆனால் புகை சீராகப் போவதில்லை, துடித்துத் துடித்துப் போகிறது. இரண்டு துடிப்புக்கு நடுவில் அழுத்தம் வெளியைவிடக் குறையும்போது, அதே ஓட்டை வழியாகக் காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. முன் சென்சருக்கு முன்னால் இது நடந்தால், சென்சர் "ஆக்ஸிஜன் அதிகமாக இருக்கிறது, பெட்ரோல் பத்தவில்லை" என்று தகவல் அனுப்புகிறது. ஈசியூ நம்பி பெட்ரோலைக் கூட்டுகிறது. ஸ்கேனரில் ஃப்யூயல் டிரிம் பாருங்கள், பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்று அது காட்டும். கூட்டல் பத்து வரை பரவாயில்லை. ஐடிலில் பதினைந்து, இருபது காட்டி, ஆர்பிஎம் ஏற ஏற இறங்கினால் கசிவைத் தேடுங்கள். இன்டேக் பக்கக் கசிவும் இதே மாதிரி காட்டும் என்பதால் அந்த ஹோஸ்களையும் ஒரு பார்வை பாருங்கள்.

தேடும் முறை இப்படி. வண்டி முழுக்க ஆறியிருக்க வேண்டும், காலை நேரம் நல்லது. வேக்யூம் கிளீனரின் காற்று வெளியேறும் வாயில் ஹோஸை மாட்டி, மறுமுனையைச் சைலன்சர் வாயில் செருகி, சுற்றிலும் பழைய துணியை வைத்து அடையுங்கள். ஓடவிடுங்கள். ஒரு ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீரும் இரண்டு சொட்டுப் பாத்திரம் தேய்க்கும் லிக்விடும். ராம்பிலோ ஸ்டாண்டிலோ ஏற்றிய காருக்கு அடியில் போய், பின்னாலிருந்து முன்னால் ஒவ்வொரு ஜாயின்டாக அடித்துக்கொண்டே வாருங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது. ஸ்லிப் ஜாயின்டில் ஒன்றிரண்டு சின்னக் குமிழி வந்தால் விட்டுவிடலாம். என் காரில் ஃப்ளெக்ஸ் பைப்பின் முன்பக்க வெல்டிங்கில், நண்டு வளையில் நுரை தள்ளுகிற மாதிரி தள்ளியது. தடவிப் பார்த்தால் கையில் கரி. கசிகிற இடத்தில் கரிக்கோடு இருக்கும், அதையும் கண்ணால் தேடுங்கள்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் "டிக் டிக் டிக்" என்று ஆர்பிஎம்மோடு சேர்ந்து கேட்டு, ஐந்து நிமிடத்தில் நின்றுவிட்டால் அது மேனிஃபோல்டு பக்கம். சூட்டில் இரும்பு விரிந்து ஓட்டையை அடைத்துக்கொள்கிறது. நின்றுவிட்டதே என்று விட்டால் ஒருநாள் ஸ்டட் உடையும்.

சரிசெய்யும்போது சிவப்பு சிலிக்கோன் பேஸ்ட்டை ஜாயின்டில் அப்ப விடாதீர்கள். அதன் ஆவி ஆக்ஸிஜன் சென்சரையும் கேட்கானையும் கெடுக்கும். கழற்றிய கேஸ்கெட்டைத் திரும்பப் போடுவதும் கூடாது. புதிது மாட்டி நூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகு, ஆறவைத்து நட்டுகளை ஒருமுறை இறுக்குங்கள்.

தட்டுகிறது, உரசுகிறது

சூடானதும் தட்டினால் கணக்கு இதோ. 304 ஸ்டெயின்லெஸ் குழாய் இரண்டரை மீட்டர் நீளம், 250 டிகிரி சூடு ஏறினால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளும். கடையில் ஆறிய நிலையில், பாடிக்கும் குழாய்க்கும் நடுவே அரை விரல் இடம் விட்டு வெல்டிங் வைத்துவிடுவார்கள். அவிநாசி போய்ச் சேர்வதற்குள் தட்ட ஆரம்பித்துவிடும்.

எங்கே தட்டுகிறது என்று கண்டுபிடிக்க சாக்பீஸ் போதும். சந்தேகமான இடங்களில், பின் ஆக்சில் மேலே, டேங்க் கவசத்தின் ஓரம், பம்பர் வெட்டு, எல்லாவற்றிலும் தாராளமாகப் பூசிவிட்டு இருபது கிலோமீட்டர் ஓட்டுங்கள். எங்கே சாக்பீஸ் தேய்ந்து பளபளக்கிறதோ அங்கே.

ஸ்பீடு பிரேக்கரில் மட்டும் தட்டினால் ஹேங்கர் ரப்பர். குறிப்பிட்ட ஓர் ஆர்பிஎம்மில் மட்டும் தகரம் நடுங்கினால் ஹீட் ஷீல்டு. பெரிய ஹோஸ் கிளிப் ஒன்றைச் சுற்றி இறுக்கினால் தீர்ந்தது, ஐம்பது ரூபாய் வேலை. கியர் மாறும்போது "டொக்" என்றால் ஃப்ளெக்ஸ் பைப்பைப் பாருங்கள். குறுக்காக உட்கார்ந்த இன்ஜின் ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது முன்னும் பின்னும் சாயும். அந்தச் சாய்வை வாங்கிக்கொள்ளத்தான் ஃப்ளெக்ஸ். செலவைக் குறைக்க அதை எடுத்துவிட்டு நேர்க்குழாய் வைத்தால், சாய்வு முழுவதும் டவுன்பைப் வெல்டிங்கில் போய் இறங்கும். விரிசல் எங்கே வரும் என்று சொல்ல ஜோசியம் தேவையில்லை.

ஆறு மாதத்தில் சத்தம் கூடிவிட்டது

நேர்வழி மஃப்ளருக்குள் ஓட்டை போட்ட குழாய் ஒன்றும், அதைச் சுற்றி கிளாஸ் வூலும் இருக்கும். மலிவானவற்றில் கம்பளி எரிந்து, துண்டு துண்டாக வெளியே பறந்துவிடும். சைலன்சர் வாயில் வெள்ளை நார் ஒட்டியிருந்தால் அதுதான். கையால் தொடாதீர்கள், அரிக்கும். போல்ட் போட்டுத் திறக்கும் வகை என்றால் புதிதாகத் திணிக்கலாம். வெல்டிங் வைத்து மூடியது என்றால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

காலையில் குழாயிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது

ஒன்றும் இல்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறும். ஆறிய குழாயில் அது திரும்பத் தண்ணீராகிறது. இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓட்டி நிறுத்துபவர்களுக்கு இது மஃப்ளரில் தேங்கித் துருவாகும். அதன் அடியில் சின்ன ஓட்டை இருந்தால் அது வேண்டுமென்றே வைத்தது, வெல்டிங் வைத்து அடைக்காதீர்கள்.

காலை எடுத்தால் பட்பட் என்று வெடிக்கிறது

ரீமேப்பில் வேண்டுமென்றே போட்டு வாங்கியது என்றால் அது உங்கள் விருப்பம், கேட்கானுக்குக் கேடு. நீங்கள் கேட்காமல் வந்தது என்றால் மேலே சொன்ன சோப்புத் தண்ணீர் சோதனைக்குப் போங்கள். கசிவில் நுழைந்த காற்று எரியாத பெட்ரோலோடு சேர்ந்து குழாய்க்குள் எரிகிறது.

பூஸ்ட் சொன்ன அளவில் நிற்கவில்லை, திடீரென்று பவர் கட் ஆகிறது

டவுன்பைப் மாற்றியவர்களுக்கு மட்டும். வேஸ்ட்கேட் என்பது தேவைக்கு மேல் வரும் வாயுவை டர்பைனுக்குப் போகவிடாமல் திருப்பிவிடும் கதவு. கம்பெனி டவுன்பைப்பின் நெருக்கடியைக் கணக்கில் வைத்துத்தான் அதன் அளவை வைத்திருப்பார்கள். பின்னால் தாராளமாகத் திறந்துவிட்டால், முழுசாகத் திறந்த வேஸ்ட்கேட்டும் போதாமல் போகலாம். மேல் ஆர்பிஎம்மில் பூஸ்ட் ஊர்ந்து ஊர்ந்து ஏறும், பி0234 வரும், ஈசியூ தன்னைக் காப்பாற்றிக்கொள்ள பவரை வெட்டும். ரீமேப் இல்லாமல் டவுன்பைப் மட்டும் போடாதீர்கள். கேட்பேக்குக்கு இந்தக் கவலை இல்லை. அந்த அளவுக்கு அது பவரும் கூட்டாது. ரீமேப் செய்யாத சின்ன டர்போவில் கேட்பேக்கால் கிடைப்பது முக்கியமாகச் சத்தமும் கொஞ்சம் எடைக் குறைப்பும்தான். பவர் வேண்டும் என்றால் முதல் பணம் ரீமேப்புக்கு.

ஒரு வருடத்தில் துரு

"எஸ்எஸ் சார், துருவே பிடிக்காது" என்பார்கள். எந்த எஸ்எஸ்? காந்தம் ஒட்டினால் பெரும்பாலும் 409, குரோமியம் 11 சதவீதம் அளவில். மேலே பழுப்பு ஏறும், ஆனால் வருடக்கணக்கில் உழைக்கும். கம்பெனிகள் போடுவது பெரும்பாலும் இந்த வகைதான். 304-ல் குரோமியம் 18, நிக்கல் 8. காந்தம் ஒட்டாது. சிக்கல் எங்கே என்றால், விலை குறைந்த 202-லும் காந்தம் ஒட்டாது. கேட் கம்பி, படிக்கட்டுக் கைப்பிடி செய்யும் சரக்கு அது. கிழக்குக் கடற்கரைச் சாலைக் காற்றில் 202 குழாய் எவ்வளவு நாள் தாங்கும் என்று சென்னை நண்பர்களைக் கேளுங்கள். குழாயின் மேல் அச்சடித்த கிரேடு எண்ணை வெட்டுவதற்கு முன்னால் காட்டச் சொல்லுங்கள், பில்லிலும் எழுதி வாங்குங்கள்.

துரு வெல்டிங் ஓரத்தில் மட்டும் என்றால் குறை வெல்டிங்கில். ஆர்கான் வெல்டிங் வைக்கும்போது குழாயின் உள்ளேயும் ஆர்கான் நிரப்ப வேண்டும். இல்லையென்றால் உள்பக்கம் கருகி, சர்க்கரைப் பாகு பொங்கி உறைந்த மாதிரி சொரசொரப்பாக இருக்கும். காற்றோட்டமும் கெடும், விரிசலும் அங்கேதான் தொடங்கும். வெட்டிய மிச்சத் துண்டில் ஒரு வெல்டிங் வைத்து, உள்பக்கத்தைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். வளைவுகளையும் பாருங்கள்: மேண்ட்ரல் பெண்டிங் என்றால் வளைவிலும் குழாய் முழு வட்டமாக இருக்கும், இல்லையென்றால் உள்வளைவு நசுங்கியிருக்கும்.

போலீஸ் நிறுத்துகிறார், புகைச் சோதனையில் ஃபெயில்

மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-ன்படி ஒலி, காற்று மாசு விதிகளை மீறினால் முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கூடவே மூன்று மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பு. 2019 திருத்தத்தில் வந்தது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182ஏ(4)-ல் உரிமையாளர் மீது தனியாக, ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். "ஊரே போட்டிருக்கு சார்" என்பது அங்கே எடுபடாது. பயணிகள் காருக்கு உற்பத்தி நிலையில் 74 டெசிபல் என்பது ஓடும் காரை 7.5 மீட்டர் தள்ளி அளப்பது. சைலன்சர் வாயில் போனை நீட்டி எடுத்த எண்ணோடு அதை ஒப்பிட்டு வாதாட முடியாது. கேட்கானை விட்டுவைத்து, சத்தத்தைக் கம்பெனி அளவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தால் உங்களை நிறுத்த ஒருவருக்கும் காரணம் இருக்காது. என் மூன்றாவது சைலன்சர் அப்படித்தான்: 2.25 அங்குலம், கம்பெனி கேட்கான், ரெசனேட்டர் உண்டு, பெரிய மஃப்ளர். பக்கத்து வீட்டுக்காரர் நான் பழையதையே திரும்ப மாட்டிவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்.

பிஎஸ்4, பிஎஸ்6 பெட்ரோல் காருக்குப் புகைச் சோதனையில் ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம். 2500 ஆர்பிஎம்மில் கார்பன் மோனாக்சைடு 0.2, காற்றும் பெட்ரோலும் சேரும் விகிதத்தைச் சொல்லும் லேம்டா 0.97 முதல் 1.03 வரை. அந்தச் சீட்டை மடித்து டேஷ்போர்டில் போடாமல் படியுங்கள். கார்பன் மோனாக்சைடு எகிறியிருந்தால் கேட்கான். அது சரியாக இருந்து, லேம்டா மட்டும் 1.03-ஐத் தாண்டியிருந்தால், எங்கோ ஒரு ஜாயின்ட் வெளிக்காற்றை இழுக்கிறது. வண்டி ஆறட்டும், மறுநாள் காலை ஸ்ப்ரே பாட்டிலை எடுத்துக்கொண்டு அடியில் போங்கள்.